மார்ச் மாதப் பாரிஸும் மூட்டுவலியும்

கேள்வி: "மகளும் மருமகனும் பாரிஸில் இருக்கிறார்கள். மார்ச் இரண்டாம் வாரம் நானும் என் கணவரும் அங்கே போய், ஏப்ரல் 10 வாக்கில் திரும்புகிறோம். வார நாட்களில் பிள்ளைகள் இருவரும் வேலைக்குப் போய்விடுவதால் நாங்களே தனியாகத்தான் சுற்ற வேண்டும். எனக்கு 63 வயது, முழங்கால் வலி உண்டு. அவருக்குக் குளிர் ஆகாது. இருவரும் சைவம். அப்போது குளிர் எப்படி இருக்கும்? வசந்தகாலப் பூக்களை எங்கே பார்க்கலாம்? அதிகம் செலவில்லாமல் வேறு என்ன பார்க்கலாம்?" (மஞ்சக்குப்பம், கடலூரிலிருந்து ஒரு வாசகி)

பதில்: எங்கள் புதுச்சேரியில் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது பாரிஸில் ஒரு பிள்ளை இருக்கும். அதனால் இந்தக் கேள்வி வராத பிப்ரவரியே எனக்குக் கிடையாது. நானும் அங்கே பல வருஷம் வழிகாட்டி வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன்தான். கேட்கிறவர்கள் பெரும்பாலும் குளிரைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். நீங்கள் முழங்காலையும் சேர்த்துச் சொன்னீர்கள், நல்லதாயிற்று. உங்கள் பயணத்தைக் கெடுக்கக்கூடியது குளிரைவிட மெட்ரோப் படிக்கட்டுதான்.

குளிரை முதலில் முடித்துவிடலாம். மார்ச் நடுவில் பகலில் 12, 13 டிகிரி இருக்கும். விடியலில் 5 டிகிரியை ஒட்டி வரும். நம் பக்கத்து மார்கழி விடியலே 20 டிகிரிதான், அதற்கே மஃப்ளர் தேடுகிறோம். ஆனால் அங்கே வீடு, கடை, பஸ் எல்லாவற்றிலும் ஹீட்டர் ஓடும். ஒரே ஒரு தடிமனான கோட்டை வாங்கிக்கொண்டு போனால், வெளியே சரியாக இருக்கும், உள்ளே நுழைந்ததும் வேர்த்துக் கொட்டும். வெங்காயத் தோல் மாதிரி போட வேண்டும்: உள்ளே தெர்மல், மேலே ஸ்வெட்டர், அதற்கும் மேலே காற்றும் தண்ணீரும் புகாத, தொப்பி வைத்த ஜாக்கெட். குடையை நம்பாதீர்கள், காற்று அதைத் திருப்பிப் போட்டுவிடும். மார்ச்சில் அங்கே திடீரென்று பத்து நிமிடம் மழை கொட்டும், சில சமயம் ஆலங்கட்டியும் விழும், பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி வெயில் அடிக்கும். பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு 'ழிபுலே' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். புடவைதான் கட்டுவேன் என்றால் தாராளமாகக் கட்டுங்கள். கொஞ்சம் ஏற்றிக் கட்டி, உள்ளே தெர்மல் லெக்கிங்ஸ், காலுக்கு சாக்ஸும் ஷூவும் போட்டுக்கொள்ளுங்கள். செருப்பு மட்டும் வேண்டவே வேண்டாம்.

இனி முழங்கால். பாரிஸ் மெட்ரோ 1900-இல் தொடங்கியது. 300-க்கும் மேற்பட்ட நிலையங்கள் இருந்தாலும் பெரும்பாலானவற்றில் லிஃப்ட் கிடையாது. ஏறி இறங்கி, வளைந்து, ஒரு நீண்ட நடைபாதை முடிந்ததும் மறுபடி படி. என் அம்மா முதல்முறை வந்தபோது பெருமையாக மெட்ரோவில் கூட்டிப்போனேன். ஷாத்லே நிலையத்தில் லைன் மாறினோம், அவ்வளவுதான். அன்றிரவு அம்மா காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, "ஏன்டா, இந்த ஊரில் பஸ்ஸே கிடையாதா?" என்று கேட்டார். உண்டு. அதுவும் ஏறுவதற்குச் சிரமமில்லாத தாழ்தள பஸ், ஜன்னல் வழியே ஊரும் தெரியும். மறுநாளிலிருந்து எங்களுக்கு பஸ்தான். மெட்ரோ தவிர்க்க முடியாத நாளில் 14-ஆம் லைனைப் பாருங்கள். 1998-இல் வந்த புது லைன் அது, அதன் நிலையங்களில் லிஃப்ட் உண்டு.

வந்த களைப்புத் தீர்ந்ததும் முதல் வேலையாக 69-ஆம் எண் பஸ்ஸில் ஏறிவிடுங்கள். ஈபிள் கோபுரத்துக்கு அருகே ஷாம் தெ மார்ஸில் புறப்பட்டு, இன்வலீத் மாளிகை, செய்ன் நதி, லூவ்ர் அருங்காட்சியகம், மாநகராட்சி மாளிகை, பஸ்தீய் என்று நகரத்தையே குறுக்காக வெட்டிக்கொண்டு கிழக்கே கம்பெத்தா வரை போகும். சுற்றுலா பஸ்காரர்கள் பெரிய தொகை வாங்கிக்கொண்டு காட்டுவதில் பாதியை இது ஒரு பஸ் டிக்கெட்டில் காட்டிவிடும். 2025 ஜனவரியில் பஸ் டிக்கெட் 2 யூரோ, மெட்ரோ டிக்கெட் 2.50 யூரோ என்று மாற்றினார்கள், பிறகு சில காசுகள் ஏறியிருக்கிறது. பஸ் டிக்கெட்டில் 90 நிமிடத்துக்குள் வேறு பஸ் மாறலாம். மெட்ரோவுக்கு மட்டும் அது செல்லாது.

வாரப் பாஸ் ஒன்றும் உண்டு, நவிகோ என்று பெயர். இதில்தான் நம்மவர்கள் ஏமாறுவார்கள். வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் என்று கணக்கில்லை, திங்கள் முதல் ஞாயிறு வரைதான். வியாழனுக்குள் வாங்கினால் அந்த வாரத்துக்கு, வெள்ளி முதல் வாங்கினால் அடுத்த வாரத்துக்கு. அட்டைக்குத் தனியாக 5 யூரோ, கூடவே ஒரு சின்னப் போட்டோவும் வேண்டும். கடலூரிலேயே இரண்டு எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். தினமும் இரண்டு மூன்று பஸ் ஏறுவீர்கள் என்றால் பாஸ் லாபம். ஒருநாள் சுற்றி ஒருநாள் வீட்டில் இருப்பதாக இருந்தால் தனி டிக்கெட்டே போதும். உங்கள் முழங்காலுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

எங்கே போவது என்று கேட்டால் என் கணக்கு இது: ஒரு நாளைக்கு ஒரு வெளியிடம், அதற்கு நடந்துபோகும் தூரத்தில் ஒரு உள்ளிடம். மழை வந்தால் உள்ளே நுழையலாம், விட்டால் வெளியே வரலாம். மார்ச்சில் இதைத் தவிர வேறு எந்தத் திட்டமும் நிற்காது. பத்து இடத்தை மணிவாரியாக எழுதிக்கொண்டு போகிறவர்கள் முதல் மழையிலேயே தாளைக் கசக்கிப் போட்டுவிடுவார்கள்.

இதற்குப் பொருத்தமான முதல் இடம் ழார்தான் தெ ப்ளாந்த் என்ற தாவரவியல் பூங்கா. நம் புதுச்சேரியில் 1826-இல் பிரெஞ்சுக்காரர்கள் போட்ட தாவரவியல் பூங்காவுக்கு இது பாட்டன் மாதிரி, 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உள்ளே போகக் கட்டணம் இல்லை. பூவைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்கும் இதுதான் என் பதில். இங்கே ஒரு பெரிய வெள்ளைச் செர்ரி மரம் இருக்கிறது. கிளைகள் தரையைத் தொடுகிற அளவுக்குக் குடை மாதிரி விரிந்து, பூக்கும்போது இலையே தெரியாது. ஆனால் மார்ச் நடுவில் போய் நின்றால் ஏமாற்றம்தான். மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுவுக்குள்தான் அது பூக்கும், அதுவும் அந்த வருஷக் குளிரைப் பொறுத்தது. எனவே இந்தப் பூங்காவைப் பயணத்தின் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். குளிர் எடுத்தால் உள்ளேயே பெரிய கண்ணாடி வீடுகள் இருக்கின்றன, அதற்கு மட்டும் கட்டணம், செவ்வாய் விடுமுறை. வெப்பமண்டலச் செடிகளுக்காக உள்ளே சூடும் ஈரமுமாக வைத்திருப்பார்கள். உங்கள் கணவருக்குக் கடலூர்ப் புழுக்கம் ஞாபகம் வந்துவிடும், அவரை வெளியே கூட்டி வருவதுதான் கஷ்டம். பக்கத்திலேயே பாரிஸின் பெரிய மசூதி. அதையொட்டிய தேநீர்க் கடையில் சுடச்சுடப் புதினா டீ கிடைக்கும்.

மார்ச் நடுவிலேயே பூ வேண்டுமென்றால் பலே ருவயால் தோட்டத்துக்குப் போங்கள். இளஞ்சிவப்பு மக்னோலியா அங்கே முந்திக்கொண்டு பூத்துவிடும். ஃபோர்சீத்தியா என்ற மஞ்சள் புதரை நீங்கள் தேடவே வேண்டாம், பூங்காவுக்குப் பூங்கா இருக்கும். நம் சரக்கொன்றை மஞ்சளை அது எட்டாது, ஆனால் மூன்று மாதச் சாம்பல் வானத்துக்குப் பிறகு பார்க்கிறவர்களுக்கு அதுவே பெரிசு. ஸோ என்ற புறநகர்ப் பூங்காவின் செர்ரித் தோப்பைப் போனில் பார்த்துவிட்டு மகளிடம் கேட்டிருப்பீர்கள். அது ஏப்ரல் நடுவில்தான் களைகட்டும், நீங்கள் ஊர் திரும்பியிருப்பீர்கள். அதற்காக ரயில் ஏற வேண்டாம்.

அடுத்த ஜோடி கீமே அருங்காட்சியகமும் த்ரொக்கதெரோவும். ஆசியக் கலைகளுக்கான கீமேயில் நம் தமிழ்நாட்டுச் சோழர் காலத்து நடராஜர் வெண்கலச் சிலை இருக்கிறது. சிதம்பரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர் நீங்கள், இவரைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. திரை, தீபாராதனை எதுவும் இல்லாமல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எதிரே நிற்கலாம். எனக்கு அது முதல்முறை சந்தோஷமாகவும் இல்லை, துக்கமாகவும் இல்லை, ஏதோ ஒரு மாதிரி இருந்தது. செவ்வாய் விடுமுறை, மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். ஏப்ரல் முதல் ஞாயிறு உங்கள் நாட்களுக்குள் வருகிறது. அங்கிருந்து சற்று நடந்தால் த்ரொக்கதெரோ மேடை, எதிரே ஈபிள் கோபுரம்.

கோபுரத்தின் மேலே ஏற வேண்டாம். வரிசையும் காற்றும் உங்கள் இருவருக்கும் ஆகாது. இருட்டிய பிறகு ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் ஐந்து நிமிடம் கோபுரம் முழுக்க மினுமினுக்கும், அதைப் பார்த்தால் போதும். இதை மார்ச் கடைசி ஞாயிற்றுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். அந்த ஞாயிறு அதிகாலையில் பிரான்சில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளுவார்கள். அதற்கு முன் ஏழு மணி வாக்கில் சூரியன் மறையும், எட்டு மணி மினுக்கலைப் பார்த்துவிட்டு ஒன்பதுக்குள் வீடு திரும்பலாம். தள்ளிய பிறகு எட்டேகாலுக்கும் மேல்தான் மறையும். ஒன்பது, பத்து வரை குளிரில் நிற்க வேண்டியிருக்கும்.

ஈபிளைப் பகலில் காசில்லாமல் பார்க்க இன்னொரு வழி, அதற்கு ஒரே ஒரு நாள் படியேறினால் தப்பில்லை. மெட்ரோ 6-ஆம் லைன் அந்தப் பகுதியில் பாலத்தின் மேல் ஓடும். அதில் ஒரு நிலையத்தின் பெயர் துய்ப்ளேக்ஸ். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையின் தென்கோடியில் சிலையாக நிற்கிறாரே, அந்தப் பழைய பிரெஞ்சு ஆளுநரேதான். பக்கத்தில் புதுச்சேரியின் பெயரில் ஒரு தெருவும் இருக்கிறது. அங்கே ஏறி எத்துவால் பக்கம் போங்கள். பிர் அக்கேம் நிலையம் தாண்டி ரயில் நதியைக் கடக்கும்போது வலப்பக்க ஜன்னலில் கோபுரம் முழுசாகத் தெரியும்.

லூவ்ர்? வெளிமுற்றத்தில் கண்ணாடிப் பிரமிடைப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியர் அல்லாதவருக்கு நுழைவு 32 யூரோ, அதோடு கிலோமீட்டர் கணக்கில் நடை. அதற்குப் பதில் பெத்தி பலே, கர்னவலே என்ற இரண்டு அருங்காட்சியகங்களைப் பாருங்கள். இரண்டிலும் நிரந்தரக் காட்சிக்குக் கட்டணமில்லை, திங்கள் விடுமுறை. கர்னவலே பாரிஸ் நகரத்தின் வரலாறு, அதிலிருந்து நாலு எட்டில் வோஜ் சதுக்கத்து பெஞ்சுகள். நோத்ர்தாம் தேவாலயமும் இலவசம். 2019 ஏப்ரலில் எரிந்து, 2024 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள். காலையில் சீக்கிரம் போனால் கூட்டம் குறைவு. மகளிடம் சொல்லி இணையத்தில் நேரம் பதிந்துகொண்டால் இன்னும் நல்லது, அதற்கும் காசில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சாலட் என்று போட்டிருந்தாலும் அதில் பொடிப்பொடியாய்ப் பன்றி இறைச்சி இருக்கலாம். 'இறைச்சி வேண்டாம்' என்று சொன்னால் மீனைக் கொண்டு வைப்பார்கள். 'வெஜெத்தாரியன்' என்றே சொல்லுங்கள். உணவகத்தில் 'கராஃப் தோ' என்று கேட்டால் ஜாடியில் குழாய்த் தண்ணீர் இலவசம், பாட்டிலுக்குக் காசு கொடுக்க வேண்டாம். எந்தக் கடையில் நுழைந்தாலும் முதலில் 'பொன்ழூர்' சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அங்கே அது மரியாதைக் குறைவு.

நாக்கு செத்துப்போன நாளில் லா ஷாப்பல் போங்கள். கார் துய் நோர் ரயில் நிலையத்திலிருந்து லா ஷாப்பல் மெட்ரோ வரை ஃபோபூர் சேன் தெனி தெருவில் தமிழ்ப் பலகைகளாகவே இருக்கும். பெரும்பாலும் ஈழத் தமிழர் கடைகள். முருங்கைக்காய், கறிவேப்பிலை, இடியாப்பம், வடை எல்லாம் கிடைக்கும். அங்கே நம்மை மாதிரி 'பேச' மாட்டார்கள், 'கதைப்பார்கள்'. ஐந்தே நிமிடத்தில் உங்கள் ஊர் எதுவென்று கேட்டுவிடுவார்கள். 1985-இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் கோயில் அருகே பஜோல் தெருவில் இருக்கிறது. மணக்குள விநாயகருக்கு நேர்ந்துகொண்டு கிளம்பும் புதுச்சேரிக்காரர்கள் அங்கே போய் இவருக்கும் ஒரு கும்பிடு போடுவது வழக்கம்.

தாலிச் சங்கிலியைக் கழுத்துத் துணிக்குள் மறைத்துக்கொள்ளுங்கள், அல்லது மஞ்சள் கயிற்றோடு போய்வாருங்கள். கூட்டமான இடத்தில் யாராவது தரையிலிருந்து மோதிரம் எடுத்து "உங்களுடையதா?" என்று கேட்டால், கையெழுத்துக் கேட்டுத் தாளை நீட்டினால், சாக்ரே கேர் தேவாலயப் படிக்கட்டில் கையில் கயிறு கட்ட வந்தால் நிற்காமல் நடங்கள். பதிலே சொல்ல வேண்டாம். நம்மவர்கள் மாட்டுவது மரியாதைக்கு நின்று பதில் சொல்வதால்தான்.

அப்புறம், கடிகாரம் மாறும் ஞாயிறு. போன் தானாக மாறிக்கொள்ளும், உங்கள் கணவரின் கைக்கடிகாரம் மாறாது. அதுவரை நம் நேரம் நாலரை மணி முன்னால், அதன்பிறகு மூன்றரை மணி. ஊரில் இருக்கும் சொந்தங்களைக் கூப்பிட அங்கே மாலை நாலு மணி நல்ல நேரம், கடலூரில் அப்போது இரவு எட்டரை, கடிகாரம் மாறிய பிறகு ஏழரைதான் ஆகியிருக்கும்.