யாரை வைத்துச் சிரித்தீர்கள்?

கேள்வி: எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியச் செயலர் நான். வாலிபர் ஞாயிறு மாலையில் இரண்டு குறுநாடகங்கள் போட்டோம். ஒன்றில் போதகரின் நீண்ட பிரசங்கத்தைக் கிண்டல் செய்தோம். அவரே விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் கமிட்டிப் பெரியவர்களோ எபேசியர் 5:4-ஐக் காட்டி, இனி நாடகமே கூடாது என்கிறார்கள். இன்னொன்றில், உசிலம்பட்டிப் பக்கமிருந்து புதிதாக வந்த தம்பி திக்கித் திணறி வேதம் வாசிப்பதை நடித்துக் காட்டினோம். அவன் பிறகு வரவில்லை. கிறிஸ்தவர்கள் சிரிக்கவே கூடாதா?
ஒரு வாசகர், மதுரை

பதில்: தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் பெரியவர்களின் கோபத்துக்குக் கிடைத்த அக்கறை அந்தத் தம்பிக்குக் கிடைக்கவில்லை. அவர் போகிற போக்கில் வந்துபோகிறார். எனக்கு உறுத்துவது அதுதான்.

பெரியவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ‘வம்பும், புத்தியீனமான பேச்சும், பரியாசமும் தகாதவைகள்’ என்று பவுல் எழுதியது உண்மை. அதற்கு முந்தைய வசனத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள். அங்கே பேச்சு வேசித்தனத்தையும் அசுத்தத்தையும் பற்றியது. ‘கடைசியாக ஒரு வார்த்தை’ என்று சொல்லிவிட்டு அரைமணி நேரம் பேசும் போதகரை நடித்துக் காட்டுவது அந்தக் கணக்கில் சேராது. நீண்ட பிரசங்கத்தின் விளைவை வேதத்தில் லூக்காவே மறைக்காமல் எழுதியிருக்கிறார்: துரோவாவில் பவுல் நடுராத்திரி வரை பேசிக்கொண்டே போக, ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு தூங்கிப்போய் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். நம் மதுரை மிஷனில் பணிசெய்த வீரமாமுனிவரையும் பாருங்கள். ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதித்துப் பார்க்கும் சீடர்களையும், அவர்களுக்கேற்ற பரமார்த்த குருவையும் படைத்தவர் அவர். தாமே ஒரு குரு; கேலிக்கு எடுத்துக்கொண்டதும் ஒரு குருவைத்தான்.

இனி உங்களுக்கு. நீங்கள் எவ்வளவு கிண்டல் செய்தாலும் அடுத்த ஞாயிறும் போதகர்தான் பேசுவார், நீங்கள்தான் உட்கார்ந்து கேட்பீர்கள். அவருக்கு அங்கியும் பிரசங்க பீடமும் இருக்கின்றன. அந்தத் தம்பிக்கு என்ன இருந்தது? தெரியாத முகங்களுக்கு முன்னால் எழுந்து நின்று வாசிக்கத் துணிந்த தைரியம் மட்டும்தான். அதைத்தான் மேடையேற்றிச் சிரித்திருக்கிறீர்கள். ‘நான் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன்’ என்று மோசே சொன்னபோது, தேவன் அவருடைய அண்ணன் ஆரோனைத் துணைக்குக் கொடுத்தார். தம்பியைப் போலப் பேசிக்காட்டு என்று ஆரோனிடம் கேட்கவில்லை.

ஐத்திகு விழுந்ததும் பவுல் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கிப்போய் அவனை அணைத்துக்கொண்டார். நீங்களும் அந்தத் தம்பியிடம் போங்கள். கமிட்டி, தீர்மானம் எதுவும் வேண்டாம். அவரைப்போல் நடித்தவரும் நீங்களும் போனால் போதும். ‘விளையாட்டுக்குத்தானே செய்தோம்’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘கிறிஸ்தவன் மன்னிக்க வேண்டுமல்லவா’ என்று கிருபையின் பாரத்தையும் அவர் தலையிலேயே ஏற்றாதீர்கள். காயப்பட்டவரிடம்தான் முதலில் கிருபையை எதிர்பார்க்கும் கெட்ட பழக்கம் நம் சபைகளில் நிறையவே உண்டு. வரமாட்டேன் என்றால் அது அவர் விருப்பம். வந்தால், வாசிக்க விருப்பமா என்று தனியாகக் கேட்டுவிட்டு வேத பாடத்தைக் கொடுங்கள். எத்தனை நிமிடம் ஆனாலும் ஆகட்டும்.

கமிட்டியிடம் நாடகத்துக்கு அனுமதி கேட்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.