இட்லிக்கு முன்னால் 'அன்டிஃபைண்ட்'

கேள்வி: ஜாவாஸ்கிரிப்ட் இப்போதுதான் படிக்கிறேன். இட்லி, தோசை, பொங்கல், வடை என்று நான்கு பெயர்களை அரேயில் (வரிசைப் பட்டியல்) போட்டு, ஃபார் லூப்பில் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுற்று) ஒவ்வொன்றாகக் கமாவோடு ஒரு வேரியபிளில் சேர்த்துப் பக்கத்தில் காட்டினால் 'அன்டிஃபைண்ட்இட்லி' என்று ஆரம்பிக்கிறது. வேரியபிளை லூப்புக்குள்ளேயே காலி செய்து பார்த்தேன், வடை மட்டும்தான் வருகிறது. எங்கே தப்பு?

பதில்: இரண்டு தடவையும் தப்பு ஒரே வரியில்தான். வேரியபிளுக்குப் பெயர் மட்டும் வைத்துவிட்டு மதிப்பு எதுவும் தராமல் விட்டால் அதற்குள் 'அன்டிஃபைண்ட்' இருக்கும், அதோடு += போட்டு இட்லியை ஒட்டினால் ஜாவாஸ்கிரிப்ட் கோபித்துக்கொள்ளாது, அந்த வார்த்தையையே எழுத்தாக்கி முன்னால் ஒட்டிவிடும். (எரர் கொடுத்திருந்தால் நமக்கு நல்லது, கொடுக்காது.) சரி என்று நீங்கள் எழுத்து ஒன்றும் இல்லாத வெற்று ஸ்ட்ரிங்கை, அதாவது "" என்பதை, லூப்புக்குள் வைத்தீர்கள். அது ஒவ்வொரு சுற்றிலும் சேர்த்ததைத் துடைத்துவிடுகிறது, கடைசிச் சுற்றில் வந்த வடைக்குப் பிறகு துடைக்க ஆளில்லை. அந்த வரியை லூப்புக்கு மேலே ஒரே ஒருமுறை எழுதுங்கள், போதும்.

நம்பிக்கை வரவில்லை என்றால் லூப்புக்குள் ஒரு கன்சோல்.லாக் (மதிப்பை பிரவுசரின் கன்சோலில் எழுதிக் காட்டும் கட்டளை) போட்டுப் பாருங்கள்: முதலில் 'இட்லி, ', அடுத்து 'இட்லி, தோசை, ' என்று வளர்ந்துகொண்டே போகும். வடைக்குப் பின்னாலும் ஒரு கமா தொங்கும். அதை வெட்ட இஃப் போட்டு மெனக்கெட வேண்டாம், அரேக்கே ஜாயின் இருக்கிறது, ", " என்று கொடுத்தால் இடையில் மட்டும் கமா வைத்துத் தரும். ஆனால் லூப் கைக்குப் பழகும் வரை ஜாயின் பக்கம் போகாதீர்கள். வடைக்குப் பிறகும் 'அன்டிஃபைண்ட்' வந்தால், லூப்பின் நிபந்தனையில் < வர வேண்டிய இடத்தில் <= போட்டிருப்பீர்கள்; நான்கு பொருளுக்கு எண் 0 முதல் 3 வரைதான்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று, எல்லோரும் அடுத்ததாகப் போய் மாட்டுகிற இடம். பெயர்களைப் புள்ளி வைத்த பட்டியலாகக் காட்ட ஆசை வரும், லூப்புக்குள்ளேயே இன்னர்ஹெச்டிஎம்எல் (பக்கத்தின் ஒரு பகுதிக்குள் இருப்பது) += என்று எழுதுவீர்கள். பட்டியலைத் தொடங்கும் யுஎல் டேகை முதலில் அனுப்பிய உடனே பிரவுசர் தானாக அதை மூடிவிடும், பின்னால் வருகிற எல்ஐ (பட்டியலின் ஒவ்வொரு வரிக்குமான டேக்) எல்லாம் பட்டியலுக்கு வெளியே விழும், புள்ளிகள் இடது ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸைத் திட்டிக்கொண்டு ஒரு ராத்திரியை நான் இதில் தொலைத்திருக்கிறேன். தொடக்க டேக், நான்கு எல்ஐ, முடிவு டேக் எல்லாவற்றையும் அந்த ஸ்ட்ரிங்கிலேயே கோர்த்து முடித்துவிட்டு, லூப்புக்கு வெளியே வந்து, வெறும் = போட்டு ஒரே தடவையில் பக்கத்தில் வையுங்கள்.