டபுள் கெப் எடுக்கலாமா? பெரிய வாகனங்கள் பற்றிய கேள்வி-பதில்

இலங்கையில் 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதித் தடை நீங்கியதில் இருந்து வாகனக் கேள்விகள் குவிகின்றன. அதிலும் டபுள் கெப்பும் (இரண்டு வரிசை இருக்கையும் திறந்த பின்பெட்டியும் உள்ள பிக்கப்) பெரிய ஜீப்பும்தான் அதிகம். ஐந்து வருட ஆசை எல்லாம் ஒன்றாக வெளியே வருகிறது போல. சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: நான் கொக்கட்டிச்சோலைப் பக்கம், ஆசிரியர். ஆறு ஏக்கர் வயல் இருக்கிறது. தார் வீதி முடிந்து கிறவலில் கொஞ்சத் தூரம் உள்ளே போக வேண்டும். இப்போது மோட்டார் சைக்கிள்தான். லீசிங்கில் ஒரு பழைய டபுள் கெப் எடுத்தால் பாடசாலைக்கும் போகலாம், நெல்லும் ஏற்றலாம், குடும்பத்தோடு கோயில் குளத்துக்கும் போகலாம் என்று நினைக்கிறேன். ஒரே வாகனத்தில் எல்லாம் முடியும்தானே சேர்?

பதில்: முடியும் தம்பி, எல்லாம் அரைகுறையாக முடியும்.

முதலில் நெல்லைப் பார்ப்போம். டபுள் கெப்பின் பின்பெட்டி ஒன்றரை மீற்றர் நீளம் அளவில்தான் வரும், தாங்கும் பாரம் சுமார் ஒரு டன். மூட்டை 65 கிலோ என்று வைத்தால் பதினைந்து மூட்டை. அதுவும் உள்ளே ஆள் இல்லாமல், ஏனென்றால் அந்த ஒரு டன்னுக்குள் நீங்களும் மனைவியும் பிள்ளைகளும் அடக்கம். ஆறு ஏக்கர் விளைச்சலை இப்படிப் பதினைந்து பதினைந்தாக யார் இழுப்பது? அறுவடை மிசின் கொட்டும்போதே வியாபாரி லொறியோடு வந்து நிற்கிறார், இல்லையென்றால் உழவு இயந்திரப் பெட்டி இருக்கிறது. ஆக உங்கள் கெப்புக்கு மிஞ்சுவது விதைநெல்லும் பசளைப் பையும் தெளிகருவியும்தான், அதுவும் போகத்துக்குச் சில நடை.

மற்ற நாளெல்லாம் அந்த இரண்டு டன் இரும்பில் நீங்களும் உங்கள் கொப்பிக் கட்டும் மட்டும்தான் போகப் போகிறீர்கள். மாதம் 1,500 கிலோமீற்றர் ஓடுகிறீர்கள், லீற்றர் 300 ரூபாய் என்று கணக்குக்கு வைப்போம். லீற்றருக்கு 9 கிலோமீற்றர் ஓடும் கெப்புக்கு 50,000 ரூபாய் போகும், 16 ஓடும் சின்னக் காருக்கு 28,000 அளவில் முடியும். மாதம் 22,000 வித்தியாசம், தவணைப் பணம் வேறு. டயர் நாலும் மாற்றும் மாதத்தையும், டீசல் சரியில்லாமல் இன்ஜெக்டர் போகும் மாதத்தையும் இதில் நான் சேர்க்கவே இல்லை.

நாலு வீலும் இழுக்கும் வண்டி (4WD) இருந்தால் மாரியில் வயலுக்குள் இறங்கலாம் என்பதும் பாதிதான் உண்மை. கிறவல் வீதியில், குழி விழுந்த இடத்தில் நன்றாக உதவும். ஆனால் தார் வீதி டயரோடு நவம்பர் மாதத்துச் சேற்றில் இறக்கினால் நாலும் சேர்ந்து சுற்றும், பிறகு இழுத்து எடுக்க உழவு இயந்திரம்தான் வரவேண்டும். பின்பெட்டி வெறுமையாக இருக்கும்போது பின்பக்கம் பாரம் குறைவு, அதனால் ஈர வீதியில் சடுதியாகத் திருப்பினால் வால் வீசும், பள்ளத்தில் தூக்கிப் போடும். பின் இருக்கையில் இருக்கும் அம்மாவைக் கேட்டால் சொல்லுவார்.

நல்ல பக்கமும் இருக்கிறது, மறைக்கவில்லை. விற்கும்போது விலை அவ்வளவாக விழாது. மாத வாடகைக்கு ஒரு கம்பனிக்கோ திட்டத்துக்கோ கொடுக்க முடிந்தால் தவணையை அதுவே கட்டிவிடும். வாடகை உறுதியானால் மட்டும் எடுங்கள். வாய்ப்பேச்சு உறுதி இல்லை, எழுத்தில் வேண்டும். இல்லையென்றால் மோட்டார் சைக்கிளையும் வைத்துக்கொண்டு ஒரு சின்னக் கார் வாங்குங்கள், பாரம் வரும் நாளில் பட்டா என்கிற சின்ன லொறியை வாடகைக்குப் பிடியுங்கள். வயலுக்கென்று எடுத்த கெப்பின் தவணைக்காக வயலை ஈடு வைத்தவர்களையும் கண்டிருக்கிறேன்.

கேள்வி: கல்லடியில் இருந்து எழுதுகிறேன். கணவர் பெரிய ஜீப் ஒன்று எடுக்கத்தான் வேண்டும் என்று நிற்கிறார். "பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு" என்கிறார். எங்கள் ஒழுங்கைக்குள் ஓட்டோ வந்தாலே ஒதுங்க வேண்டும். அவர் சொல்வது சரியா?

பதில்: உள்ளே இருப்பவருக்கு ஓரளவு சரி. சின்ன வாகனத்தோடு மோதினால் நிறை கூடிய வாகனத்தில் இருப்பவர் தப்பும் வாய்ப்பு அதிகம். நீண்ட பயணத்தில் உயரமான இருக்கை, தூரப் பார்வை, களைப்புக் குறைவு, இதெல்லாம் உண்மை. ஆனால் உயரம் கூடியதால் சடுதியாக வெட்டித் திருப்பும்போது புரளும் ஆபத்தும் கூடுகிறது. பாதுகாப்பு என்பது பாதி இலத்திரனியல் உறுதிக் கட்டுப்பாடும் (வழுக்கும்போது தானாகப் பிரேக் பிடித்து வண்டியை நேராக்குவது) எயார்பேக்கும் நல்ல டயரும் பின் இருக்கையில் பூட்டிய பெல்ட்டும். இவை இல்லாத பழைய பெரிய ஜீப்பை விட இவை உள்ள நடுத்தரக் கார் மேல். மகியங்கனைப் பதினெட்டு வளைவில் பிள்ளைகள் சத்தி எடுப்பதும் ஆடும் ஜீப்பில்தான் கூட.

வெளியே நிற்பவருக்கு என்ன என்பதை அவரிடம் கேளுங்கள். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிறுவனத்தின் 2023 ஆய்வில், பொனட் ஒரு மீற்றருக்கு மேல் உயர்ந்த வாகனம் மோதினால் பாதசாரி இறக்கும் வாய்ப்பு, முன்பக்கம் சரிந்து பொனட் 75 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும் வாகனத்தை விடச் சுமார் 45 சதவீதம் அதிகம் என்று வந்தது. காலில் படவேண்டிய அடி நெஞ்சிலும் தலையிலும் படுகிறது. சின்னப் பிள்ளை என்றால் முகத்தில்.

வாங்கப் போகும் இடத்தில் ஒன்று செய்து பாருங்கள். கடைசிப் பிள்ளையின் உயரத்துக்கு ஒரு தும்புத்தடியை வெட்டி எடுத்துப் போய், கணவரைச் சாரதி இருக்கையில் இருத்திவிட்டு, பம்பருக்கு முன்னால் அதை நிறுத்திப் பிடித்தபடி வண்டியை விட்டு விலகிப் பின்னுக்கு நடவுங்கள். நுனி தெரிகிறது என்று அவர் சொல்லும் இடத்தில் நிலத்தில் கோடு போடுங்கள். பம்பருக்கும் கோட்டுக்கும் நடுவில் பிள்ளை நின்றால் அவருக்குத் தெரியாது. உங்கள் கேற்றடியில் பிள்ளைகள் விளையாடும் இடம் அதற்குள் வருகிறதா என்று வீட்டுக்கு வந்து அளந்து பாருங்கள். கமரா இருக்கிறது என்பார். மழையில், சேற்றில், லென்ஸ் மறைந்த நாளில்? ஒழுங்கையைப் பற்றி நீங்களே எழுதிவிட்டீர்கள், நான் வேறு என்ன சொல்ல.

கேள்வி: வாழைச்சேனை. மீன் வியாபாரம். பழைய சிங்கிள் கெப் (ஒரு வரிசை இருக்கை மட்டும் உள்ளது) ஒன்று மலிவாக வருகிறது, முன்பும் மீன் ஏற்றிய வண்டிதான். எடுக்கலாமா?

பதில்: உங்களுக்குத் தேவையான வாகனம் அதுதான் நானா, ஆனால் அந்த வண்டிதானா என்பது வேறு. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் பின்பெட்டி ஓட்டையால் வடிந்து நேரே சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், விழுந்திருக்கும். வெளியில் புதுப் பெயின்ற் மின்னும், ஏமாறாதீர்கள். பின் சில்லுக்கு மேலே, வில் தகடு சேசிஸோடு பொருந்தும் இடத்தில் ஒரு பழைய திருப்புளியால் நன்றாகக் குத்துங்கள். 'டங்' என்று சத்தம் வந்தால் சரி. தகடு பொருக்கு எழும்பி உதிர்ந்தாலோ, புதிதாகத் தார் பூசி மூடியிருந்தாலோ, விலை எவ்வளவு இறங்கினாலும் விட்டுவிடுங்கள். வெல்டிங் பிடித்து ஓடலாம் என்று கராஜ் பாஸ் (மெக்கானிக்) சொல்வார், பாரம் ஏற்றி ஓடப்போவது அவர் இல்லை.

வாகனப் பதிவுப் புத்தகத்தில் இன்னும் லீசிங் கம்பனி பெயர் முழு உரிமையாளர் (Absolute Owner) இடத்தில் நிற்கிறதா என்றும் பாருங்கள். ஓப்பன் பேப்பரில் (வாங்குபவர் பெயர் எழுதாமல் கையெழுத்து மட்டும் வைத்த மாற்றுப் பத்திரம்) காசை எண்ணிக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: சம்மாந்துறை. உயரமான நாலு வீல் கெப் என்றால் வெள்ளத்தில் பயமில்லாமல் போகலாம்தானே?

பதில்: இல்லை. 700, 800 மில்லிமீற்றர் ஆழம் வரை போகும் என்று கம்பனிகள் போடுவது நிற்கும் தண்ணீரில், மெதுவாகப் போகும்போது. ஓடும் தண்ணீரில் இரண்டு அடியே ஜீப்பையும் பிக்கப்பையும் இழுத்துப் போகும் என்று அமெரிக்க வானிலைச் சேவை எச்சரிக்கிறது. நமக்கு அமெரிக்காவரை போகத் தேவையும் இல்லை. 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் மதரசாப் பிள்ளைகளோடு கவிழ்ந்தது உழவு இயந்திரம், எந்தக் கெப்பையும் விட உயரமான சில்லு. வீதியின் ஓரம் தெரியாத தண்ணீரில் எந்த வாகனத்தையும் இறக்காதீர்கள்.

கேள்வி: களுவாஞ்சிகுடி. இரவில் மோட்டார் சைக்கிளில் வரும்போது எதிரே வரும் கெப்களின் வெளிச்சம் கண்ணைப் பறிக்கிறது. டிம் பண்ணினாலும் அப்படித்தான். ஏன்?

பதில்: கெப்பின் லைட் காரின் லைட்டை விட உயரத்தில் இருக்கிறது, அதற்கு மேல் பின்பெட்டியில் பாரம் ஏற்றினால் பின்பக்கம் பதிந்து வண்டியின் முன்பக்கம் மேலே தூக்கும், டிம் வெளிச்சமும் நேரே உங்கள் முகத்துக்கு வரும். இதற்கென்றே பல கெப்களில் ஸ்டியரிங் பக்கத்தில் லைட் படம் போட்ட ஒரு சின்னத் திருகி இருக்கிறது, 0 இல் இருந்து இலக்கம் போட்டிருக்கும். பாரம் ஏற்றினால் இலக்கத்தைக் கூட்ட வேண்டும், வெளிச்சம் கீழே இறங்கும். இறக்கியதும் திரும்ப 0. கெப் வைத்திருப்பவர்கள் இதை வாசித்தால் இன்று இரவே ஒரு தடவை திருகி மதிலில் வெளிச்சம் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்காவிட்டால் லைட்டை இறக்கும் சின்ன மோட்டர் போயிருக்கும், கராஜில் காட்டுங்கள்.