காமிக்ஸில் பக்கவாட்டு உதை ஏன் மிதப்பதுபோல் தெரிகிறது?

பெரும்பாலும் கோளாறு உதைக்கும் காலில் இல்லை, ஊன்றிய காலில். நிஜத்தில் ஊன்றிய பாதம் சுழன்று, குதிகால் எதிராளிப் பக்கம் திரும்பும். கூடவே இடுப்பும் உருளும். விரல்கள் எதிராளியை நோக்கியபடியே வரைந்தால் இடுப்பு பூட்டிக்கொள்ளும், உதையில் கனம் ஏறாது. முதுகு எவ்வளவு சாய்ந்தாலும் உடல் எடை அந்தப் பாதத்தின் மேல்தான் நிற்க வேண்டும். பென்சிலில் ஒரு செங்குத்துக்கோடு போட்டுச் சரிபாருங்கள்.

பக்கத்தில் கட்டங்களை வரிசைப்படுத்தக் கற்க, அமெரிக்கக் காமிக்ஸ் எழுத்தாளர் லாரி ஹாமாவைப் படியுங்கள். ஓவியராகத் தொடங்கியவர், ஜப்பானிய வாள், வில் கலைகள் பயின்றவர். 1984இல் வெளியான 'ஜி.ஐ. ஜோ' காமிக்ஸின் 21ஆம் இதழை வசனமே இல்லாமல் எழுதி, பக்க அமைப்பையும் அவரே போட்டார். அருமையான பாடம் அது! அடி விழும் கணத்தை மட்டும் வரையாதீர்கள். முழங்கால் மார்புக்கு ஏறும் கட்டம் ஒன்று, எதிராளி மடங்கும் கட்டம் ஒன்று சேருங்கள்.