கில் -9 கொடுத்தும் சாகாத பிராசஸை என்ன செய்வது? சர்வரை ரீஸ்டார்ட் செய்வது மட்டும்தான் வழியா?

இல்லை. பல சமயம் அது முதல் வழியாகவும் இருக்கக் கூடாது. யாரோ ஒரு சப்போர்ட் ஆள் "ரீஸ்டார்ட் பண்ணிடுங்க சார், சரியாயிடும்" என்று சொல்லியிருப்பார், உங்களுக்கு மனசு ஒப்பாமல் இங்கே கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். சர்வர் லினக்ஸ் என்றும் எடுத்துக்கொள்கிறேன். கில் -9 என்பது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமுக்கு, அதாவது பிராசஸுக்கு, 9ஆம் சிக்னலை அனுப்பி உடனே நிறுத்தச் சொல்லும் கட்டளை.

பிராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளை போட்டு அந்த பிராசஸின் ஸ்டாட் பத்தியில் முதல் எழுத்தைப் பாருங்கள். இசட் என்றால் அது ஜாம்பி, ஏற்கெனவே செத்துவிட்டது. அதைப் பெற்ற பேரன்ட் பிராசஸ் வந்து கணக்கு முடிக்காததால் பட்டியலில் பெயர் மட்டும் நிற்கிறது. அதற்கு எத்தனை கில் போட்டாலும் பயனில்லை, பேரன்டைத்தான் கவனிக்க வேண்டும். ஆர் (ஓடிக்கொண்டிருக்கிறது) என்று காட்டி சிபியூவை நூறு சதவீதம் தின்றுகொண்டு கில் -9க்கும் மசியாமல் இருந்தால் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கலாம், அது அபூர்வம். டிஸ்க் என்பதில் வரும் டி என்றால்தான் உங்கள் கேள்வி. என் அனுபவமும் அதில்தான்.

டி நிலை என்றால் பிராசஸ் கர்னலுக்குள் போய் ஏதோ ஒரு ஐ/ஓ (டிஸ்க்கிலோ நெட்வொர்க்கிலோ தரவு படிப்பது, எழுதுவது) முடிவதற்காக, நடுவில் எழுப்ப முடியாத தூக்கத்தில் இருக்கிறது. நீங்கள் போட்ட 9 தொலைந்து போகவில்லை. பதிவுத் தபால் மாதிரி, கையெழுத்துப் போட ஆள் வீடு திரும்பும் வரை அது காத்திருக்கும். சந்தேகம் இருந்தால் ப்ராக் டைரக்டரியில் அந்த பிராசஸின் அடையாள எண்ணுக்குள் (பிஐடி) போய் ஸ்டேட்டஸ் கோப்பைத் திறந்து பாருங்கள். காத்திருக்கும் சிக்னல்களைக் காட்டும் சிக்பிஎன்டி என்ற வரியில் நீளமாகப் பூஜ்யங்கள் ஓடி, கடைசியில் 100 என்று முடிந்திருக்கும். அது பதினாறடிமான எண், அதில் ஒன்பதாவது பிட் எரிகிறது, அதுதான் 9ஆம் சிக்னல். சிக்னல் வந்து சேர்ந்துவிட்டது, எடுத்துக்கொள்ள ஆள் இல்லை என்று அதற்குப் பொருள். அதனால் "எப்படிக் கொல்வது" என்று கேட்பதை விட்டுவிட்டு "எதற்காகக் காத்திருக்கிறது" என்று கேட்க வேண்டும்.

நான் நீலகிரியில் மஞ்சூர் பக்கம் ஒரு டீ பேக்டரியில் கணக்கையும் கம்ப்யூட்டரையும் சேர்த்துப் பார்க்கிறேன். சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கும் பேக்டரி. மாதம் ஒருமுறை விவசாயி வாரியாகப் பட்டுவாடாப் பட்டியல் போட வேண்டும். பட்டியல் கோப்பு ஆபீஸ் சர்வரிலிருந்து, இலை வாட்டும் மாடிக்குப் பக்கத்து அறையில் இருக்கும் ஸ்டோரேஜ் பெட்டிக்கு என்எஃப்எஸ் (வேறு கம்ப்யூட்டரின் டிஸ்க்கை நெட்வொர்க்கில் பயன்படுத்தும் முறை) வழியாகப் போய்ச் சேரும். ராத்திரி பேக்கப்பும் அதே பெட்டிக்குத்தான்.

ஆடி மாதம், விடாத மழை. பட்டுவாடாப் பட்டியல் பாதியில் நின்றது. பேக்கப்பும் முந்தின ராத்திரி தொடங்கியது முடியாமல் நின்றிருந்தது. லோடு ஆவரேஜ் (ஓடுகிற, காத்திருக்கிற பிராசஸ்களின் சராசரி எண்ணிக்கை) ஏறிக்கொண்டே போகிறது, சிபியூவோ ஏறக்குறைய சும்மா இருக்கிறது. லினக்ஸ் லோடு கணக்கில் டி நிலையில் இருப்பவையும் சேரும், அதனால் இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்த்தாலே யாரோ ஐ/ஓவில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். சாஃப்ட்வேர் கொடுத்த கம்பெனியின் சப்போர்ட் ஆள் தொலைவிலிருந்து உள்ளே வந்து பேக்கப் பிராசஸுக்கு கில் -9 போட்டார், திரும்பப் போட்டார். அப்புறம் போனில், "சர்வரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார், இது லினக்ஸ் ப்ராப்ளம்" என்றார். முடியாது என்றேன். பட்டியல் பிராசஸ் எழுதிய தரவுப் பக்கங்கள் பெட்டிக்குப் போகாமல் சர்வரின் மெமரியில் நின்றுகொண்டிருந்தன, சர்வரை அணைத்தால் அத்தனையும் போய்விடும். விடிந்தால் அந்தப் பட்டியலை வைத்துத்தான் பணம் போக வேண்டும்.

அதே ப்ராக் டைரக்டரியில், பிராசஸ் கர்னலுக்குள் எங்கே நிற்கிறது என்று காட்டும் டபிள்யூசான் கோப்பும் ஸ்டாக் கோப்பும் (ஸ்டாக்குக்கு ரூட், அதாவது நிர்வாகி உரிமை வேண்டும்) ஒரே கதையைச் சொல்லின. என்எஃப்எஸ் எழுத்து, அதன் மேல் ரைட்பேக்குக்கான (மெமரியில் இருப்பதைப் பெட்டியில் எழுதி முடிப்பது) காத்திருப்பு. கர்னலின் பதிவுகளைக் காட்டும் டிமெசேஜில் "120 செகண்டுக்கு மேல் பிளாக்டு" என்று கர்னலே எழுதியிருந்தது. அதற்கு மேலே, யாரும் படிக்காத ஒரு வரி: என்எஃப்எஸ் சர்வர் நாட் ரெஸ்பாண்டிங், ஸ்டில் ட்ரையிங். பெட்டியைச் சர்வரோடு இணைக்கும் மவுன்ட்டை ஹார்டு என்று போட்டால் அப்படித்தான். மறுமுனை வரும் வரை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

குடையை எடுத்துக்கொண்டு மாடி அறைக்கு ஓடினேன். பெட்டியில் எல்லா விளக்கும் எரிகிறது. நடுவழியில் படிக்கட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் சின்ன நெட்வொர்க் சுவிட்சில் ஒரு விளக்குகூட இல்லை. அது மட்டும் வேறு லைனில் இருந்தது. ப்ளக் பாயின்ட்டில் ஈரம் இறங்கி பிரேக்கர் விழுந்திருந்தது. எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து, "இது காயாது சார், மாத்திக் கட்டிடலாம்" என்று யுபிஎஸ் லைனிலிருந்து ஒரு ஒயரை இழுத்துக் கொடுத்தார். சுவிட்சில் பச்சை விளக்கு வந்த சிறிது நேரத்தில் டிமெசேஜில் ஓகே என்று விழுந்தது. பேக்கப் பிராசஸ் அந்தக் கணமே செத்தது, காத்திருந்த 9 இப்போதுதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. யாரும் கை வைக்காத பட்டியல் பிராசஸ் விட்ட இடத்திலிருந்து எழுதி முடித்தது. ஒரு விவசாயியின் வரிகூட விடுபடவில்லை என்று எடைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். அந்த சப்போர்ட் ஆள் கடைசியில் சொன்னது, "உங்க ஊர் கரண்ட்தான் சார் பிரச்சினை." இதே நீலகிரியின் பைகாராவில் 1932இலேயே மின்சாரம் எடுத்தார்கள். கொழும்புத் திட்டம் என்ற நாடுகளுக்கிடையிலான உதவித் திட்டத்தில் கனடா உதவியோடு கட்டிய குந்தா நீர்மின் நிலையம் 1960இல் ஓடத் தொடங்கியது. சமவெளி மில்களுக்கு மின்சாரம் கொடுத்த மலை இது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் கற்பூர மரம் கம்பி மேல் சாய்ந்தால் இருட்டில் உட்காருவது நாங்கள். மலைக்கு விற்கிற சாஃப்ட்வேரை மலையில் கரண்ட் போகும் என்று தெரிந்துதானே செய்ய வேண்டும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "2008இல் வந்த 2.6.25 கர்னலிலிருந்தே என்எஃப்எஸ் காத்திருப்பை கில் -9 முறிக்குமே" என்று சிலர் சொல்வார்கள். பல இடங்களில் முறிக்கும், மறுக்கவில்லை. ஆனால் ரைட்பேக் முடியக் காத்திருக்கும் இடம் அதில் சேராது, நான் மாட்டியது அங்கேதான். "சாஃப்ட் மவுன்ட் போட்டிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை" என்பவர்களுக்கு: நேரம் கடந்ததும் எழுத்து பிழையோடு திரும்பும், அந்தப் பிழையை உங்கள் புரோகிராம் கவனிக்காவிட்டால் கோப்பு பாதியில் நிற்கும். பணப் பட்டியலுக்கு நான் அதைச் செய்ய மாட்டேன்.

மாட்டிக்கொண்டிருக்கும்போது டிஸ்க்கில் மீதி இடம் காட்டும் டிஎஃப் கட்டளையை வெறுமனே அடிக்காதீர்கள், திறந்த கோப்புகளைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப்பும் வேண்டாம். அவையும் அதே மவுன்ட்டைத் தொட்டு டி நிலைக்குப் போய்விடும். -எல் சேர்த்து டிஎஃப் போட்டால் லோக்கல் டிஸ்க் மட்டும் வரும். மவுன்ட்டைக் கழற்றும் கட்டளையில், யுமவுன்ட் -எல் மவுன்ட்டின் பெயரைத்தான் கழற்றும், காத்திருப்பவர்களை விடுவிக்காது. யுமவுன்ட் -எஃப் நிலுவையில் இருப்பதை முறித்துப் பார்க்கும், ஆனால் எழுதப்படாத தரவு போய்விடலாம் என்று தெரிந்தே செய்யுங்கள்.

ரீஸ்டார்ட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. லோக்கல் டிஸ்க்கே செத்துவிட்டாலோ டிரைவரில் பிழை இருந்தாலோ வேறு வழி கிடையாது. அப்போதும் முதலில் கர்னலுக்கு நேரடியாகக் கட்டளை தரும் சிஸ்ஆர்க்யூவில் டபிள்யூ கொடுத்து, மாட்டியிருக்கும் எல்லா பிராசஸின் ஸ்டாக்கையும் டிமெசேஜில் இறக்கி வேறு இடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள். சாதாரண ரீபூட்டும் அதே மவுன்ட்டைக் கழற்றப் போய் நின்றுவிடலாம், அதற்கும் தயாராக இருங்கள்.

உங்கள் பிராசஸின் ஸ்டாட் எழுத்து என்ன என்று கேள்வியில் இல்லை. அதையும், டபிள்யூசானில் வரும் பெயரையும், டிமெசேஜின் கடைசி வரிகளையும் கேள்வியில் சேர்த்துவிடுங்கள், பார்த்துவிட்டு இந்தப் பதிலிலேயே மேற்கொண்டு எழுதுகிறேன்.