கூடப்பிறந்தவளிடம் என்ன கூச்சம்?

கேள்வி: அப்பா இறந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. அவருடைய ரோலெக்ஸ் டேடோனா ரெயின்போ கைக்கடிகாரம், 2018இல் வந்த ரோஸ் கோல்டு மாடல், என்னிடம் இருக்கிறது. மருத்துவமனையில் சேர்த்த அன்று கழற்றி என் கையில் கொடுத்தார். சேகரிப்பாளர் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறார். கடைசி ஆறு வருடங்களும் அப்பா தங்கை வீட்டில் இருந்ததால், பெட்டியும் உத்தரவாத அட்டையும் அங்கேயே தங்கிவிட்டன. கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இப்போது விற்கலாமா, விலை ஏறும்வரை காத்திருக்கலாமா?

பதில்: விலை பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. பெட்டியைக் கேட்கக் கூச்சம் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் பேச வேண்டும். கூடப்பிறந்தவளிடம் ஒரு காலிப் பெட்டியைக் கேட்க என்ன கூச்சம்? கேட்டால், "எதற்கு அண்ணா?" என்பாள். அந்த ஒரு கேள்விக்குத்தான் பயப்படுகிறீர்கள். அவளுக்குத் தெரியாமல் விற்றுவிட நினைக்கிறீர்கள்.

அது நடக்கவும் நடக்காது. சாதாரண டேடோனாவை வாங்கி, வெளியில் கல் பதித்து, ரெயின்போ என்று விற்பவர்கள் உண்டு. அசலில் டயலைச் சுற்றிய வளையத்தில் 36 நீலக்கல் வகைக் கற்கள், ஒரு நிறம் அடுத்த நிறத்தில் கரைவதுபோல வரிசையாக நிற்கும். மணி காட்டும் இடங்களில் இன்னும் 11 கற்கள், கடிகாரத்தின் உலோகக் கூடான கேஸின் ஓரங்களில் 56 வைரங்கள். இத்தனையும் தொழிற்சாலையில் பதித்தவைதான் என்று வாங்குபவர் நம்புவதற்கு, மாடல் எண்ணும் வரிசை எண்ணும் உள்ள அந்த அட்டைதான் முதல் சாட்சி. உங்கள் தங்கையின் அலமாரியில் கிடப்பது அதுதான். அட்டை எங்கே என்று அந்தச் சேகரிப்பாளர் கேட்கத்தான் போகிறார்.

"என் கையில் கொடுத்தார்" என்பதை ஏதோ உயில்போல எழுதியிருக்கிறீர்கள். மருத்துவமனைக் கட்டிலில் ஏறும் மனிதர் மோதிரத்தையும் கடிகாரத்தையும் பக்கத்தில் நிற்பவரிடம்தான் கழற்றிக் கொடுப்பார், வீடு திரும்பும்வரை பத்திரமாக இருக்கட்டும் என்று. அன்று உங்கள் தங்கை பணம் கட்டும் வரிசையில் நின்றிருப்பாள். ஆறு வருடங்கள் மாத்திரை கொடுத்து, இரவில் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போனவள் அவள். அந்த ஆறு வருடங்களில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

நடிகர் பால் நியூமனின் டேடோனா கதை சேகரிப்பாளர்கள் எல்லோருக்கும் தெரியும். 1984இல் மகளின் காதலர் ஜேம்ஸ் காக்ஸிடம் மணி கேட்டார். அவரிடம் கடிகாரமே இல்லை என்றதும் தன்னுடையதை மனதாரக் கொடுத்துவிட்டார். 2017இல் நியூயார்க் ஏலத்தில் அது 1.77 கோடி டாலருக்கு மேல் போனது. காக்ஸுக்குக் கிடைத்தது சந்தேகமே இல்லாத பரிசு. அவரும் அந்த மகளும் என்றோ பிரிந்துவிட்டார்கள். இருந்தும் ஏலத்தொகையில் ஒரு பகுதியை அந்த மகளின் அறக்கட்டளைக்கு ஒதுக்கினார். கொடுத்தவரின் மகளை அந்நியர் ஒருவர் மறக்கவில்லை. நீங்கள் அண்ணன்.

இந்த வாரமே கடிகாரத்தை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போங்கள். போனில் பேசாதீர்கள். கடிகாரத்தை அவள் கையில் கொடுத்து, வந்திருக்கும் விலையை ஒளிக்காமல் சொல்லுங்கள். விற்க வேண்டாம் என்று அவள் சொன்னால் விற்கக் கூடாது. விற்கலாம் என்றால் அவள் பங்கு பாதிக்குக் குறையக் கூடாது. என்னைக் கேட்டால் பாதிக்கு மேல் கொடுக்க வேண்டும். பெற்றவரைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்றியவருக்கே முதல் உரிமை, மகன் மகள் என்ற பேதம் அதில் கிடையாது. அதுவரை பாலிஷ் போட யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். தேய்த்த கேஸைச் சேகரிப்பாளர்கள் விரும்ப மாட்டார்கள்.

எப்போது விற்பது என்ற கேள்வியை அதற்குப் பிறகு எழுதுங்கள். கடிதத்தில் இருவர் கையெழுத்தும் இருந்தால் பதில் சொல்கிறேன்.