பத்தாம் நாள் நின்றுபோகும் கணக்கு நோட்டு

கேள்வி: அக்கா, காரைக்குடியில் வீட்டிலேயே மாவுருண்டை, மனகோலம், சீப்புச்சீடை செய்து விற்கிறேன். ஒவ்வொரு சித்திரைக்கும் புது நோட்டு வாங்கி வரவு செலவு எழுதுவது, விடிகாலையில் நடப்பது, இனிப்பைக் குறைப்பது என்று ஆரம்பிப்பேன். பத்து நாள்தான் ஓடும். எனக்கு மன உறுதியே கிடையாதா?
– ஒரு வாசகி, வயது 41

பதில்: தங்கச்சி, ஒரு நாள் தவறாமல் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிறவருக்கு மன உறுதி இல்லை என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மூன்றையும் ஒரே நாளில் தூக்கப் பார்த்தீர்கள், அதுதான் கோளாறு.

நம் செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் 21 நாள் இருக்கும் பிள்ளையார் நோன்பை நினைத்துப் பாருங்கள். திருக்கார்த்திகையில் தொடங்கி எங்கள் அப்பத்தா தினமும் புதுக் கோடி வேட்டியிலிருந்து ஓர் இழை உருவி வைப்பார். கையில் இருப்பதே தெரியாது, ஊதினால் பறந்துவிடும். 21 இழையும் சேர்ந்த பிறகு திரியாகத் திரித்து, மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம். நாளுக்கு ஓர் இழை, அவ்வளவுதான் அப்பத்தாவின் வேலை.

உங்களுக்கும் ஒரு வரி போதும். நடையையும் இனிப்பையும் இப்போதைக்கு விடுங்கள், கணக்கை மட்டும் பிடியுங்கள். பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்த நம்மூர்க்காரர்கள் அன்றன்று குறிப்பில் எழுதி, அதைத் தலைப்பு வாரியாகப் பேரேட்டில் ஏற்றி, அதிலிருந்துதான் ஐந்தொகை, அதாவது மொத்தக் கணக்கின் முடிவு, எடுத்தார்கள். நீங்களோ முதல் நாளே ஐந்தொகைக்குப் போகிறீர்கள்!

ராத்திரி சிலிண்டரை மூடுகிறீர்கள் அல்லவா? அதை மறக்கவே மாட்டீர்கள். நோட்டை அடுப்பு மேடைக்குப் பக்கத்து ஆணியில் மாட்டி, பேனாவை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். பேனா தேடப் போனால் அன்றைக்குக் கணக்கு போச்சு. சிலிண்டரை மூடிய கையோடு தேதியும் அன்று வந்த பணமும் எழுதுங்கள். விற்கவில்லையா, சுழியம் போடுங்கள். சீனி, எண்ணெய், பாசிப்பருப்புச் செலவெல்லாம் முதல் மாதம் வேண்டாம். எழுத வேண்டும்போல் இருந்தாலும் வேண்டாம். அந்த ஒரு வரி கைக்குப் பழகிய பிறகு செலவுக்கு இரண்டாவது வரி.

அப்புறம், 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று சொல்கிறார்களே, அதை நம்பி மனம் ஒடிந்துபோகாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரை வைத்துச் செய்து, 2010-இல் அச்சான ஆய்வில், ஒரு செயல் தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறுகிறது என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. ஆகவே கல்யாண வீட்டுக்குப் போய் ஒரு ராத்திரி எழுதாவிட்டால், மறுநாள் சிலிண்டரை மூடும்போது அன்றைய வரியை எழுதுங்கள். புது நோட்டு வாங்கச் சித்திரை வரை காத்திருக்க வேண்டாம்.

முப்பது வரி சேர்ந்ததும் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகை நீங்கள் நினைத்ததைவிடக் கூடவா, குறைவா என்று எனக்கு எழுதுங்கள். நடையைப் பற்றி அப்போது பேசுவோம்.